பிரஷர் பார்க்கும் மேசையில் கேட்க வேண்டிய கேள்வி

(ஸ்ரீரங்கத்தில் பொது சுகாதாரம் குறித்து நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மதுவைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் பேச வரும் மருத்துவர் எவரும் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனை நினைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 1880-இல் இந்த ஊரில் பிறந்தவர். பர்மாவில் தொழில் பார்த்து, இங்கிலாந்து போய் மேற்படிப்பு முடித்து, லண்டனில் நம் வரகனேரி வ.வே.சு. ஐயரோடு பழகி, திரும்பி வந்து இந்த மண்ணிலேயே வைத்தியம் பார்த்தவர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன படை, திருச்சியில் ராஜனின் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது பொது சுகாதாரத் துறையை ராஜனிடம் ஒப்படைத்தார். அந்த அமைச்சரவைதான் அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளு, சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி என்ற புது வரியும் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் தளர்வு, 1974-இல் மீண்டும் தடை, 1981-இல் மீண்டும் தளர்வு. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம். 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இன்று அந்த வழியாக அரசுக்கு வரும் பணம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

தொண்ணூறு ஆண்டுகளாக மதுவைப் பற்றி நாம் மேடையில் பேசியிருக்கிறோம், சட்டமன்றத்தில் பேசியிருக்கிறோம், தேர்தல் அறிக்கையில் எழுதியிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி மேசையில் மட்டும் பேசவில்லை. கடையை மூடுவதா திறப்பதா என்ற வாதம் நடக்கட்டும். அது நடக்கத்தான் வேண்டும். அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒரு செவிலியரும் ஒரு நோயாளியும் பத்து நிமிடமும் இருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களின் வரிசையை நன்றாக அறிவேன். அந்த வரிசையில் நிற்கும் ஆண்களின் சீட்டைப் பார்த்தால் எடை இருக்கும், சர்க்கரை அளவு இருக்கும், பிரஷர் இருக்கும். மது என்ற இடத்தில் ஒன்றும் இருக்காது. இருந்தால் ‘எப்போதாவது’ என்று இருக்கும். பிரஷர் குறையவில்லை என்று ஒரு மாத்திரை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். அந்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருப்பது சனிக்கிழமை இரவின் பாட்டிலா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார். அளவுக்கு மேல் குடிப்பது ரத்த அழுத்தத்தை ஏற்றும். குடியைக் குறைத்தாலே அது கொஞ்சம் இறங்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம். மாத்திரை கொடுக்கிற கைக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

இந்தியாவில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று எய்ம்ஸ் நிறுவனத்தின் ஆய்வு 2019-இல் சொன்னது: ஏறத்தாழ 16 கோடி. அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் உதவி தேவைப்படும் அளவுக்குப் பிரச்சினை இருக்கிறது. அதில் பாதிப்பேர், ஏறத்தாழ 2.9 கோடி, அடிமை நிலையில் இருப்பவர்கள். அப்படி அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெறுகிறார். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர். இந்த எண்கள் வெளிவந்தபோது, போதை மறுவாழ்வு மையங்களைக் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் எழுதினார்கள். கூட்டத்தான் வேண்டும். மீதிப் பாதியை யாரும் கவனிக்கவில்லை. அடிமையாகாமல், ஆனால் உடம்பையும் குடும்பத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிற அந்த இன்னொரு 2.8 கோடிப் பேருக்கு மறுவாழ்வு மையம் தேவையில்லை. அவர்கள் அங்கே போகவும் மாட்டார்கள். ‘நான் என்ன குடிகாரனா?’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். அவர்கள் வந்துபோகும் ஒரே இடம் நம் புறநோயாளிப் பிரிவு.

கேள்விகள் ஏற்கனவே தயாராக இருக்கின்றன. 1980-களில் உலக சுகாதார நிறுவனம் நார்வே, ஆஸ்திரேலியா, கென்யா, பல்கேரியா, மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் ஆரம்ப சிகிச்சை இடங்களில் சோதித்து ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியலைச் செய்தது. எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரே இருப்பில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது உண்டா என்று முதல் மூன்று கேள்விகள் அளவைக் கேட்கும். அடுத்த மூன்று, பிடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கேட்கும்: ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போகிறதா, செய்ய வேண்டிய வேலை கெட்டதா, காலையில் எழுந்ததும் ஒன்று போட்டால்தான் ஆகிறதா. கடைசி நான்கு, ஏற்பட்ட கேட்டைக் கேட்கும்: குற்ற உணர்வு, முந்தின இரவு நடந்தது மறந்துபோவது, அடிபட்டது, வீட்டாரோ மருத்துவரோ குறைக்கச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து நான்கு வரை மதிப்பெண். மொத்தம் 40. எட்டுக்குக் கீழ் இருந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பலாம். எட்டிலிருந்து பதினைந்து வரை அறிவுரை. பதினாறிலிருந்து பத்தொன்பது வரை ஆலோசனையும் தொடர்ந்து பார்ப்பதும். இருபதும் அதற்கு மேலும் என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இங்கே நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் போட்டுக்காட்ட விரும்புகிறேன். செவிலியர்கள் குறித்துக்கொள்ளுங்கள், இதை வெளிநாட்டுப் புத்தகம் சொல்லித்தராது. ‘ஓர் அளவு’ என்பது பத்து கிராம் சுத்த ஆல்கஹால். நம் கடையில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் விஸ்கியிலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதில் முப்பது மில்லி என்றால் ஓர் அளவு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. ஆறு அளவு. ஒரே இருப்பில் ஆறு அளவு குடித்தால் அது ‘மிகுதியான குடி’ என்று ஆடிட் கோடு கிழிக்கிறது. நம் மக்கள் ஒருவேளைக்கு என்று வாங்கும் பாட்டிலே அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. அதை இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிக்கும் ‘கட்டிங்’கில் ஆளுக்கு மூன்று அளவு. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று ஏறத்தாழ நான்கு அளவு. ‘பீர்தானே’ என்று சொல்கிறவர் இதைக் கேட்க வேண்டும்.

இப்போது சனிக்கிழமை ஒரு குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை ஒரு குவார்ட்டர் குடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அதற்கு மூன்று மதிப்பெண். நாளுக்கு ஆறு அளவு, அதற்கு இரண்டு. வாரந்தோறும் ஆறைத் தொடுகிறார், அதற்கு மூன்று. மூன்று கேள்வியிலேயே எட்டு. மீதி ஏழு கேள்வியையும் கேட்காமலேயே அவர் அபாயக் கோட்டைத் தொட்டுவிட்டார். அவரை யாரும் குடிகாரர் என்று சொல்ல மாட்டார்கள். அவர் வீட்டுக்காரம்மாகூடச் சொல்ல மாட்டார். வாரத்தில் ஐந்து நாள் ஒழுங்காக வேலைக்குப் போகிறார், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறார். நான் தேடுவது அவரைத்தான்.

அவரிடம் எப்படிப் பேசுவது? பேசும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாற்பது வயது தாண்டிய ஒரு கொத்தனார், பிரஷர் மாத்திரைக்கு வருகிறார் என்று வையுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழாத இடத்தில் நாற்காலி போட்டிருக்கிறது. அழுத்தம் பார்த்தாயிற்று: 150-க்கு 96.

“அண்ணே, பிரஷருக்கு வர்ற எல்லார்கிட்டயும் ரெண்டு மூணு விஷயம் கேக்குறோம். பீடி, புகையிலை, அப்புறம் தண்ணி போடுற பழக்கம். உங்களுக்கு எப்படி?”

“பீடியெல்லாம் கிடையாது சிஸ்டர். தண்ணி எப்பவாச்சும்தான்.”

“எப்பவாச்சும்னா வாரத்துல எத்தன நாள் வரும்?”

“சனிக்கிழமை சம்பளம் போடுவாங்க. அன்னிக்கி ஒரு குவார்ட்டர். ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா இன்னொண்ணு.”

“நடுவுல?”

“கான்கிரீட் போட்ட அன்னிக்கி உடம்பு வலிக்கு ஒரு கட்டிங். அது எப்பவோ ஒருநாள்.”

பாருங்கள், ‘எப்பவாச்சும்’ என்ற சொல்லுக்குள் எத்தனை நாள் இருந்தது! ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று முடிந்திருக்கும். எல்லாரிடமும் கேட்பது என்று முதலிலேயே சொன்னதால் அவருக்கு மட்டும் குறி வைத்ததாகத் தோன்றவில்லை. மீதிக் கேள்விகளையும் கேட்டு முடித்த பிறகு, பேசலாமா என்று அனுமதி கேட்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் கேட்பதில்லை. சரி என்று அவர் வாயால் சொன்னால்தான் அவர் காது திறக்கும்.

“இதப்பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமாண்ணே?”

“சொல்லுங்க.”

“நீங்க சொன்ன கணக்குப்படி இது உடம்பக் கெடுக்குற அளவுக்கு வந்திருக்கு. மூணு மாசமா மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும். குடிக்கிறதுல உங்களுக்கு நல்லதுன்னு தோணுறது என்ன?”

“வலி தெரியாது. தூக்கம் வந்துரும்.”

“பிடிக்காதது?”

இந்தக் கேள்விக்குப் பிறகு செவிலியர் பேசாமல் இருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும். நான் பார்த்தவரை இந்த இடத்தில்தான் அவர்கள் உண்மையில் பேசத் தொடங்குவார்கள்.

“திங்கக்கிழமை காலைல சாரத்துல ஏறுறப்ப தலை கிறுகிறுங்குது. போன மாசம் ஒரு தடவ கால் வழுக்கிருச்சு. பெரிய பொண்ணு பன்னெண்டாவது படிக்குது, ஞாயித்துக்கிழமை ராத்திரி என்கூடப் பேசாது.”

ஈரல் கெடும், புற்றுநோய் வரும், ஆயுள் குறையும் என்று நாம் அடுக்கியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். சாரமும் மகளும் அவருடைய காரணங்கள். அவற்றை அவரே எடுத்து மேசையில் வைத்துவிட்டார். இனி செவிலியர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நிறுத்துவது நல்லது, முடியாவிட்டால் குறைப்பதும் பலன்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். என்ன செய்யலாம் என்று அவரையே சொல்லவிட வேண்டும். ‘ஞாயித்துக்கிழமைய விட்டுர்றேன்’ என்பார். நல்லது, சாப்பிட்டுவிட்டுத்தான் கடைப்பக்கம், சம்பளத்தை முதலில் வீட்டில் கொடுத்துவிட்டு, கூட்டாளிகள் கூப்பிட்டால் சொல்ல ஒரு பதில் என்று இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் மருத்துவரிடம் தனியாக வழி கேட்கலாம். சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் மாத்திரைக்கு அவர் எப்படியும் வருவார். அப்போது முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்.

சத்தியம் வாங்கக் கூடாது. கற்பூரம் அணைக்கச் சொல்லக் கூடாது. மனைவியை உள்ளே கூப்பிட்டு அவர் முன்னால் திட்டக் கூடாது. அடுத்த மாதம் அவர் வாக்குத் தவறியிருந்தால், மாத்திரைக்கு வருவதையே நிறுத்திவிடுவார். குடியும் போகாது, பிரஷர் சிகிச்சையும் போய்விடும்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அதன் எல்லையோடு சேர்த்துச் சொல்கிறேன். 1977-இல் லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்டு ஆகியோரும் கூட்டாளிகளும் நூறு பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மாதக்கணக்கில் முழுச் சிகிச்சை. இன்னொரு பகுதிக்குக் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு முறை தெளிவான அறிவுரை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பகுதிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருத்துவ உலகம் அதிர்ந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தச் சுருக்க ஆலோசனை முறை. உலகெங்கும் நடந்த 69 ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் குழு 2018-இல் வெளியிட்ட தொகுப்பு, ஆலோசனை பெற்றவர்கள் ஓராண்டு கழித்து வாரத்துக்கு ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் குறைவாகக் குடித்தார்கள் என்று சொல்கிறது. நம் கணக்கில் அறுபது மில்லி. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஒரு மனிதருக்குக் கொஞ்சம்தான். ஒரு மாவட்டத்தின் பிரஷர் நோயாளிகள் அனைவருக்கும் என்று பார்த்தால் கொஞ்சமில்லை. நீண்ட நேர ஆலோசனை, குறுகிய ஆலோசனையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. நேரமில்லை என்று சொல்லும் நமக்கு அது நல்ல செய்தி.

நம் நாட்டுக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு கோவாவில் நடந்தது. சங்கத் என்ற தொண்டு நிறுவனத்தில் அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் குழுவினர், 2013-இலிருந்து 2015 வரை பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆடிட்டில் 12 முதல் 19 வரை பெற்ற 377 ஆண்களைச் சேர்த்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர், மனநலப் படிப்புப் படித்தவர்களும் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆளுக்கு அதிகபட்சம் நான்கு அமர்வு. மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள், பெறாதவர்களில் 26. கடைசி இரண்டு வாரமும் குடியைத் தொடாதவர்கள் 42 சதவீதம்; மறுபக்கம் 18. ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. விடாமல் குடித்துக்கொண்டிருந்தவர்களின் அளவை இந்த ஆலோசனை குறைக்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். நான்கு அமர்வில் எல்லாரையும் மாற்ற முடியாது. ஆனால் நூறில் 18 பேர் தொடாமல் இருந்த இடத்தில் 42 பேர் தொடாமல் இருந்தார்கள் என்பது எந்த மாத்திரைக்கும் பெருமை தரக்கூடிய எண்.

இனி ஓர் எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

நம் பக்கத்தில் விரதம் பெரிய மருந்து. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் தொட மாட்டார். சமயபுரத்தில் அம்மன் பச்சைப் பட்டினி இருக்கும் அந்த 28 நாளும் தொட மாட்டேன் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நான் அதை மதிக்கிறேன். ‘மாலை போட்டப்ப எப்படி இருந்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். தன்னால் முடியும் என்பதற்கான சாட்சியை அவரே சொல்வார். அந்த நாட்களில் பிரஷர் என்ன இருந்தது, தூக்கம் எப்படி இருந்தது, வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று கேளுங்கள். மாலை கழற்றும் வாரத்துக்கு முன்பே அவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள்.

ஆனால் தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து, ஆள் தெரியாமல் பிதற்றலாம். அதைச் சாமி வந்தது என்றோ, காற்று கருப்பு என்றோ நினைத்து வீட்டில் வைத்திருந்து உயிரை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இவர்களை நிறுத்தச் சொல்வதற்கு முன் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன்பே தயமின் ஊசி போட வேண்டும். ஆடிட் இருபதைத் தொட்டால் அறிவுரை போதாது என்று அந்தப் பட்டியல் சொல்வது இதற்காகத்தான்.

தாய்மார்களுக்கு ஒன்று. குடியை மறக்கடிக்கும் பொடி, சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து மருத்துவர் கண்காணிப்பில், குடிப்பவரின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டியது. அதைத் தெரியாமல் சோற்றில் கலந்து, அவர் வெளியே போய்க் குடித்தால் அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நீங்கள் படும் துயரம் எனக்குத் தெரியும். அடி வாங்கிவிட்டு ‘உடம்பு வலி’ என்று சொல்லி என் மேசைக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை சொல்லக் கூடியதாக இல்லை. வீட்டில் அடி விழுகிறதா என்று உங்களிடமும் மருத்துவமனையில் கேட்க வேண்டும், தனியாக, கணவர் இல்லாத நேரத்தில்.

யார் கேட்பது? மருத்துவருக்கு நேரமில்லை. காலைப் பொழுதில் நூறைத் தாண்டும் கூட்டத்தில் பத்துக் கேள்வி கேட்கச் சொல்வது நடக்காத காரியம். தமிழ்நாடு 2012 முதல் தொற்றா நோய்களுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் தனிச் செவிலியர்களை வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் பிரஷர் கருவியோடு போகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்காக ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024-இல் விருது கொடுத்தது. பிரஷர் பார்க்க ஆள் இருக்கிறது, சர்க்கரை பார்க்க ஆள் இருக்கிறது. கேள்வி மட்டும் இல்லை.

தன்னார்வலரிடம் ஒன்று சொல்வேன். முழுப் பட்டியலையும் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்க வேண்டாம். மாமியார், மகள், பக்கத்து வீடு எல்லாம் கேட்கும் இடத்தில் ஓர் ஆண் உண்மை சொல்ல மாட்டார். மனைவி சொன்னால் ராத்திரி அவருக்கு அடி விழலாம். முதல் மூன்று கேள்வி போதும், அதுவும் அந்த ஆண் தனியாக இருக்கும்போது. மீதியை நிலையத்துக்கு வந்து செவிலியரிடம் பேசட்டும். அவர் சொன்னது வெளியே போகாது என்று உறுதி கொடுக்க வேண்டும். மதுவால் வரும் மனநலப் பாதிப்பும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்துக்குள் அடங்கும். அந்தச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் உரிமையை எழுத்தில் வைத்திருக்கிறது. பஸ் ஓட்டுகிறவரும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவரும் வாய் திறக்காததற்குக் காரணம் வேலை போய்விடுமோ என்ற பயம்தான்.

மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு சொல். ‘இவங்ககிட்ட சொல்லி என்ன டாக்டர் ஆகப்போகுது’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். நமக்குத் தெரிந்த குடிப்பவர்கள் எல்லாரும் ஈரல் வீங்கி, ரத்த வாந்தி எடுத்து வார்டில் கிடப்பவர்கள். அந்தக் கட்டத்தில் சொல்லி ஆவது குறைவுதான். பத்தாண்டுக்கு முன் அவரும் இதே வரிசையில் ஒரு சாதாரண பிரஷர் நோயாளியாக நின்றிருப்பார். அன்று யார் கேட்டார்கள்?

ஆலோசனை மட்டும் போதும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்த ஐந்து அம்சங்களில் இந்தப் பரிசோதனையும் ஆலோசனையும் ஒன்றுதான். மீதி நான்கு, கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது, குடித்து வண்டி ஓட்டுவதைத் தடுப்பது, விளம்பரத்தைத் தடுப்பது, விலையை ஏற்றுவது. ஒரு கையால் பாட்டிலை விற்று மறு கையால் அறிவுரை சொல்லும் அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. அவற்றை நாம் குடிமக்களாகக் கேட்போம். செவிலியராகவும் மருத்துவராகவும் நம் மேசையில் கேட்க வேண்டியதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

திருச்சிக்கு இதில் தனிக் கடமை உண்டு. 1997-இல் தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். மதுரையும் ராமநாதபுரமும் பிறகுதான் வந்தன. மனநோய்க்குக் கீழ்ப்பாக்கம் போக வேண்டும் என்றிருந்த காலத்தில், மணப்பாறையிலும் முசிறியிலும் துறையூரிலும் உள்ள சாதாரண மருத்துவருக்கே பயிற்சி கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்ற எண்ணம் இங்கேதான் வேர்பிடித்தது. குடிப்பழக்கத்துக்கும் அந்த வழியைத் திறப்பதற்கு நம் மாவட்டம் இன்னொரு மாவட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. உறையூர் சுருட்டுக்கு உலகப் பெயர் பெற்ற ஊரில் இன்று எந்த மருத்துவரும் புகையிலையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவதில்லை. மதுவைக் கேட்கவும் அந்தக் கூச்சம் போகும். முதல் சில வாரங்கள்தான் நா தயங்கும்.

இங்கே வந்திருக்கும் செவிலியர்களே, நாளைக் காலை உங்கள் மேசைக்கு வரும் ஆண்கள் எல்லாரிடமும் முதல் மூன்று கேள்வியைக் கேளுங்கள். சீட்டில் எழுதுங்கள். ஊர்மக்களே, கேட்டால் குவார்ட்டர் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். நிலையத்துக்கு வர முடியாதவர்கள் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.